அவள் ஏன் செய்தாள் என்று முப்பதாம் பக்கத்திலேயே சொல்லச் சொல்லாதீர்கள்

படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் திரைக்கதை தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

பெண்ணை மையமாக வைத்த உளவியல் த்ரில்லர் எதை உங்களிடம் கொடுத்தாலும் திரும்பி வருகிற குறிப்புகள் ஏறக்குறைய ஒன்றேதான். ‘முப்பதாம் பக்கத்துக்குள் அவளுடைய கடந்த காலத்தைச் சொல்லிவிடுங்கள்.’ ‘அவளுக்கு நேர்ந்த கொடுமையை ஃப்ளாஷ்பேக்கில் காட்டினால் பார்ப்பவர்கள் ஒட்டிக்கொள்வார்கள்.’ ‘ஏதாவது மனநோய் என்று வைத்துக்கொள்ளலாமா?’ ‘எதிரில் இருக்கிற ஆளை இன்னும் மோசமானவனாக்குங்கள்.’ ‘கடைசியில் அவள் தப்பித்துப் போவது சரிவராது.’ கதை எதுவானாலும், எழுதியவர் யாரானாலும், இந்த ஐந்தும் வந்துவிடுகின்றன. இவற்றுக்குத் தலையாட்டித் தலையாட்டி எத்தனையோ திரைக்கதைகளை நாங்களே எங்கள் கையால் கெடுத்திருக்கிறோம். எழுதுகிறவர்களும் செப்பனிடுகிறவர்களுமான நாங்கள் இனி அதைச் செய்ய விரும்பவில்லை. ஏன் என்பதைச் சீன் சீனாகப் பிரித்துக் காட்டுவது எங்கள் கடமை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ‘கிரே கேரக்டர் வேண்டும்’ என்று கேட்கிறீர்கள். அது ஒரு குணம் என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்பது பின்னால் வரும் குறிப்புகளில் தெரிகிறது: கொஞ்சம் நல்லவள், கொஞ்சம் கெட்டவள், கண்ணில் மை, கையில் சிகரெட். இந்த வகைக் கதையில் ஒருத்தி நல்லவளா கெட்டவளா என்று சொல்ல முடியாமல் போவதற்கு அவள் குணம் காரணமாக இருப்பது குறைவு. அந்த நிமிடத்தில் அவள் கையில் என்ன இருந்தது, எதிரில் இருப்பவர் கையில் என்ன இருந்தது என்பதுதான் பெரும்பாலும் காரணம். அடைத்து வைக்கப்பட்டவள் சாவியை ஒளித்தால் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் நிற்போம். அடைத்து வைத்தவள் அதே சாவியை அதே மாதிரி ஒளித்தால் நமக்கு வயிறு கலங்கும். ஒரே பெண், நாற்பது நிமிட இடைவெளியில், இந்த இரண்டு இடத்திலும் நிற்கலாம். அப்போது பார்ப்பவர் முன்பு கொடுத்த ஆதரவைத் திருப்பி வாங்க முடியாமல் தவிப்பார். அந்தத் தவிப்புதான் இந்த வகைக் கதையின் உயிர்.

இந்த வகையின் வேர்களில் ஒன்றைப் பாருங்கள். பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகமும் அதிலிருந்து 1944-இல் வந்த ஹாலிவுட் படமும் நிற்பது ஒரு குழாய் வேலையின் மேல். மூடிக் கிடக்கும் மேல்தளத்தில் கணவன் ரகசியமாக எரிவாயு விளக்கை ஏற்றும்போது கீழே மனைவியின் அறையில் விளக்கு மங்குகிறது. மங்குவதை அவள் பார்க்கிறாள். அதை அவளோடு சேர்ந்து ஒப்புக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பொருள்களை ஒளித்துவிட்டு அவள்தான் தொலைத்தாள் என்று அவன் நம்பவைக்கிறான். யார் சொல்வதை மூன்றாவது ஆள் நம்புவார் என்ற ஒரே கேள்வியில் முழு அதிகாரமும் அடங்கியிருக்கிறது. முடிவில் அவன் நாற்காலியில் கட்டப்பட்டுக் கிடக்கிறான். கத்தி அவள் கைக்கு எட்டுகிறது. அறுத்துவிடச் சொல்லி அவன் கெஞ்சுகிறான். அவளோ, பைத்தியக்காரியால் எப்படி உதவ முடியும் என்கிற தோரணையில், அவன் சூட்டிய பட்டத்தையே அவன் மேல் போடுகிறாள். அந்தச் சில நிமிடங்களில் அவள் கொடூரமாகத்தான் இருக்கிறாள். பார்ப்பவருக்கு அது இனிக்கவும் செய்கிறது, கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது. அவள் குணம் மாறவில்லை. கட்டு மட்டும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியிருக்கிறது. ஒருவரைத் தன் நினைவையும் புத்தியையுமே சந்தேகிக்க வைப்பதை இன்று ‘கேஸ்லைட்டிங்’ என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022-இன் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது.

இதை எழுத்தில் எப்படிக் கட்டுகிறோம் என்று சொல்கிறோம். குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பாதிக் குறிப்புகள் வராது. சீன் பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு சீனுக்கும் எதிரே ஐந்து கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுகிறோம். இந்த இடத்தின் சாவி யாரிடம்? பணம் யாருடையது? வெளியே ஒருவர் வந்து கேட்டால் யார் பேச்சு எடுபடும்? இப்போதே எழுந்து போய்விட யாரால் முடியும்? மற்றவருக்குத் தெரியாத எது யாருக்குத் தெரியும்? நூற்றுப் பத்துப் பக்கத் திரைக்கதையில், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில், அறுபது எழுபது சீன்கள் வரும். பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் ஐந்து பதில்களில் ஒன்று எங்கேயாவது கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து சீன் தொடர்ந்து எதுவும் மாறாவிட்டால், எத்தனை கத்தி, எத்தனை மழை, எத்தனை இருட்டுப் படிக்கட்டு வைத்தாலும் அங்கே கதை படுத்துவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஐந்தும் ஒரே சீனில் புரண்டால் அது ஏமாற்று ட்விஸ்ட். பார்ப்பவர் ‘ஓ’ என்பார், அடுத்த நாள் மறந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கடைசியாக மாற வேண்டியது ‘யார் பேச்சு எடுபடும்’ என்பது. அதை முதலிலேயே மாற்றிவிட்டால் மீதிக் கதையைத் தள்ள எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு சீனை அருகில் வைத்துப் பார்ப்போம். வசதியுள்ள ஒரு முதிய பெண். அவரைக் கவனித்துக்கொள்ள வீட்டோடு தங்கியிருக்கும் இளம்பெண். இளம்பெண்ணின் சான்றிதழ்களை முதியவர் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். போக நினைத்தாலும் அவளால் போக முடியாது. முதியவரின் மாத்திரைகள் இளம்பெண்ணின் கையில். அவள் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் ஓடாது. சாவி ஒருவரிடம், உயிர் இன்னொருவரிடம். ஏழு நாளுக்குக் காலை, இரவு என்று பதினான்கு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியை அவள் நிரப்புகிறாள். எல்லாம் சரியாக வைக்கிறாள். பிறகு வியாழன் இரவு அறையிலிருக்கும் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்க்கிறாள். திருப்பி வைத்து மூடுகிறாள். முதியவர் வந்து பெட்டியைத் திறந்து எண்ணுகிறார். ‘ஒண்ணு குறையுதே’ என்கிறார். குறையவில்லை, நாம் பார்த்தோம். அவள் ‘ஆமாம்மா, நான்தான் மறந்துட்டேன்’ என்கிறாள்.

செய்யாத தவற்றை அவள் ஏன் ஒப்புக்கொண்டாள்? வயதானவர் தன் நினைவு தடுமாறுவதை உணர்ந்து கலங்கக் கூடாது என்ற கனிவாக இருக்கலாம். மறுத்துப் பேசினால் வேலை போய்விடும், சான்றிதழ் வராது என்ற பயமாக இருக்கலாம். இல்லை, பின்னொரு நாள் உண்மையிலேயே ஒன்று குறையும்போது ‘அவள் எப்பவுமே மறதிக்காரி’ என்று வீட்டில் எல்லோரும் சொல்ல வேண்டும் என்பதற்காக இன்றே போட்டு வைக்கிற விதையாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. கேமரா அவள் கையோடு இருக்கும்வரை மூன்றும் நிற்கும். ‘மறந்துட்டேன்’ என்றதும் அவள் முகத்துக்கு க்ளோஸ்-அப் போட்டு உதட்டோரம் ஒரு அசைவைக் காட்டினால் முதல் இரண்டும் போய்விடும். வயலினை மெல்ல இழுத்தால் மூன்றாவது போய்விடும். பின்னணி இசை இந்த இடத்தில் தீர்ப்பு எழுதிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட சீன்களில் ‘இசை வேண்டாம், ஃப்ரிட்ஜின் முனகல் போதும்’ என்று எழுதித் தருகிறோம். ‘சீன் வெறுமையாக இருக்கிறது, மூட் மியூசிக் சேருங்கள்’ என்று எடிட்டிங் டேபிளில் சொல்லப்படும்போது அங்கே என்ன நிரம்பியிருந்தது என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

இந்தச் சீனுக்கு நீங்கள் அனுப்பும் குறிப்பு எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ‘மாத்திரையைப் பார்க்கும்போது, மருந்து கிடைக்காமல் இறந்துபோன அவளுடைய அம்மா நினைவுக்கு வருவதாக ஒரு ஃப்ளாஷ்பேக் வையுங்கள்.’ இருபது விநாடிதான். அந்த இருபது விநாடியில் அவள் பழி வாங்க வந்தவளாகிவிடுகிறாள். முதியவர் பழைய கொடுமையின் பிரதிநிதியாகிவிடுகிறார். அவர்கள் இருவருக்கும் நடுவே, இந்த வீட்டுக்குள், இன்று இருக்கிற கொடுக்கல் வாங்கல் முழுவதும் பொருளற்றுப் போகிறது. அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாலும் பார்ப்பவர் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காருவார். த்ரில்லர் பார்க்கிறவரை நிம்மதியாக உட்கார வைத்த பிறகு மிச்சம் என்ன?

ஃப்ளாஷ்பேக்கே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கடந்த காலம் வரட்டும். வரும்போது அது ஒருவர் இன்னொருவர் மேல் பிரயோகிக்கிற பொருளாக வர வேண்டும். கில்லியன் ஃபிளின்னின் 2012 நாவலான ‘கான் கேர்ள்’ இதை நன்றாகப் புரிந்து செய்தது. பயந்து வாழ்ந்த மனைவியின் நாட்குறிப்பாக நாம் பாதி நாவல்வரை வாசிப்பது, கணவனைக் கொலைப்பழியில் மாட்டிவிட, போலீஸ் கையில் கிடைக்க வேண்டும் என்றே அவள் புனைந்தது. அடிபட்ட பெண்ணின் கடந்த காலம் வேண்டும் என்று துடிக்கிற வாசகரின் பசியை அவள் கணித்து, அதற்குத் தீனி போட்டிருக்கிறாள். நீங்கள் எங்களிடம் கேட்கிற முப்பதாம் பக்க விளக்கம் அங்கே அவளுடைய ஆயுதம்.

இதில் ஒன்றை மட்டும் தனியாக, தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அவளுக்கு ஒரு ரேப் பின்கதை வைத்துவிடுங்கள்’ என்பது சாதாரணமாக, தேநீர் இடைவேளைக்கு முன் சொல்லி முடிக்கப்படுகிற குறிப்பாகிவிட்டது. பெண் கோபப்படுவதற்கும், ஆசைப்படுவதற்கும், பணத்துக்காகப் பொய் சொல்வதற்கும், அதிகாரத்தை ருசிப்பதற்கும் வேறு காரணமே இருக்க முடியாது என்பது போல அது வருகிறது. ஆண் நாயகன் பேராசையால் ஏமாற்றினால் அவனுடைய குழந்தைப் பருவத்தை யாரும் கேட்பதில்லை. அவளுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டு அவள் உடம்பின் மேல் நடந்த வன்முறையாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த வன்முறையைப் பிழைத்து வாழ்கிறவர்கள் பார்வையாளர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வகைப் படங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, நீங்கள் ஒன்று உடைந்தவர்கள், இல்லையென்றால் ஆபத்தானவர்கள் என்பதைத்தான். கதைக்கு அது தேவையென்றால் எழுதுகிறவர் அதை முதல் டிராஃப்டிலேயே முழுப் பொறுப்போடு கொண்டுவருவார். மூன்றாவது டிராஃப்டில் ஒட்டுப்போடச் சொல்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

மனநோய்க் குறிப்பும் இதற்குத் தம்பிதான். பக்கம் எண்பத்தைந்தில் ஒரு மருத்துவர் வருகிறார், சுவரில் மூளையின் படம், ஒரு நோயின் பெயரைச் சொல்கிறார், எல்லாம் விளங்கிவிடுகிறது. பல முறை அந்தப் பெயரே தவறு. ஸ்கிஸோஃப்ரெனியா என்பது ஒருவருக்குள் இரண்டு ஆள் இருப்பதல்ல. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத நம்பிக்கை உறுதிப்படுவது, சிந்தனை ஒழுங்கு குலைவது என்று அது வேறு விதமானது. ஒரே ஆளுக்குள் வேறு வேறு ஆளுமைகள் தலையெடுப்பதாக வகைப்படுத்தப்படுவது தனி நோய். மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது மனநல மருத்துவத்தில் நிலைபெற்ற செய்தி. அதைத் தள்ளிவைத்துக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நஷ்டம் பெரிது. நோய் என்று சொன்ன கணத்தில் அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றாகிவிடும். தேர்வு இல்லாதவளிடம் அதிகாரமும் இல்லை, பொறுப்பும் இல்லை. எண்பத்து நான்கு பக்கம் கட்டிய எடை ஒரு வாக்கியத்தில் ஆவியாகிப் போகும்.

ஆண் பாத்திரத்தை மோசமாக்கச் சொல்வது பற்றிச் சுருக்கமாக. அவனை அரக்கனாக்கினால் அவள் செய்வதெல்லாம் தற்காப்பு. இரண்டு பெண்களுக்கு நடுவே நடக்கிற கதையில், முதலாளிக்கும் பணியாளுக்கும், தாய்க்கும் மகளுக்கும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே கத்தி மேல் நடப்பதுபோல் நடக்கிற கதையில், மூன்றாவதாக ஓர் அரக்கனைச் செருகினால் இரண்டு பெண்களும் கைகோத்து நல்லவர்களாகிவிடுவார்கள். பெண்ணுக்குப் பெண் மேல் இருக்கிற அதிகாரம் பேசப்படாமலே போய்விடும். கூலி, வயது, சொத்து, தாய்மை, அழகு, கல்வி என்று அதற்கு எத்தனையோ முகம் இருக்கிறது. எழுதித் தீராத இடம் அது.

இனி முடிவு. இந்த மடலில் நாங்கள் அதிகம் நிற்க விரும்புவது இங்கேதான். தப்பு செய்தவள் தண்டனை இல்லாமல் போகக் கூடாது என்பது நீங்கள் கண்டுபிடித்த விதி அல்ல. 1930-இல் ஹாலிவுட் தனக்குத்தானே எழுதிக்கொண்டு 1934 முதல் கண்டிப்பாக அமல்படுத்திய தயாரிப்பு விதித்தொகுப்பு அதைச் சட்டம்போல் நடத்தியது. 1968-இல் அது கைவிடப்பட்டு வயதுவாரித் தரவகை வந்தது. விதி போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. குறிப்புகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த விதி என்ன செய்தது என்பதற்கு இரண்டு படங்கள் போதும். டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ நாவலில் (1938) கணவன் முதல் மனைவி ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். 1940-இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் அவள் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்ததாக மாற்றினார்கள். மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதைத் தொகுப்பு அனுமதிக்காது. இதை அவனைக் காப்பாற்றிய மாற்றம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். பறிபோனது உண்மையில் இரண்டாவது மனைவியுடையது. நாவலில் அவள் ஒரு கொலை ஒப்புதலைக் காதால் கேட்கிறாள். கேட்டதும் அவள் மனதில் முதலில் எழுவது, அவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை என்ற நிம்மதி. செத்தவளுக்காக அவள் துளியும் கலங்கவில்லை. அதுவரை சொந்த வீட்டிலேயே விருந்தாளிபோல் ஒடுங்கிக் கிடந்தவள், அந்த ரகசியம் கைக்கு வந்த மறுநாளே பணியாளர்களிடம் எஜமானியாகப் பேசத் தொடங்குகிறாள். கொலை அவளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கொலையை விபத்தாக்கியதும் அவளுடைய விசுவாசத்துக்கு விலையே இல்லாமல் போயிற்று; யாராக இருந்தாலும் அப்படிப்பட்ட கணவன் பக்கம் நிற்பார்கள்.

இன்னொன்று ‘தி பேட் சீட்’. வில்லியம் மார்ச் 1954-இல் எழுதிய நாவலில், கொலை செய்கிற சிறுமியின் தாய் மகளுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். தாய் இறக்கிறாள், மகள் பிழைத்துக்கொள்கிறாள். 1956 படத்தில் தாயைப் பிழைக்கவைத்து, மகளை மின்னல் தாக்கிச் சாகவைத்தார்கள். அதுவும் போதாமல், படம் முடிந்து நடிகர்களை அறிமுகப்படுத்தும் இடத்தில் தாயாக நடித்தவர் சிறுமியை மடியில் கவிழ்த்துப் போட்டு அடிப்பதுபோல் ஒரு துணுக்கையும் சேர்த்தார்கள். ஒரு தாய் எடுக்கக்கூடிய மிகக் கொடிய முடிவை எடுத்து, அதிலும் தோற்றுப்போகிற கதை, வானத்திலிருந்து வந்த மின்னலால் தீர்த்துவைக்கப்பட்டது. இன்று உங்கள் குறிப்புகளில் கடைசி ஐந்து பக்கத்தில் வருகிற லாரி விபத்தும் மாடியிலிருந்து கால் இடறுவதும் அந்த மின்னலின் வாரிசுகள்.

பார்வையாளர் தீர்ப்பை நீங்கள் காட்டுவீர்கள். 1987-இல் வந்த ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தில், திருமணமான டேனோடு உறவு கொண்டு பிறகு அவனை விடாமல் துரத்துகிற அலெக்ஸ், தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு, அவன் கைரேகை பதிந்த கத்தியால் அவனைக் கொலைக்குற்றத்தில் மாட்டிவிடுவதாகத்தான் முதலில் முடித்திருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் சோதனையாகப் போட்டுக் காட்டிய முன்காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. டேனின் மனைவி அவளைச் சுட்டுக் கொல்வதாகத் திரும்ப எடுத்தார்கள். அலெக்ஸாக நடித்த க்ளென் க்ளோஸ் அந்த மாற்றத்தை எதிர்த்தார், பிறகுதான் நடித்துக்கொடுத்தார். படம் பெரிய வெற்றி பெற்றது, மறுக்கவில்லை. ஆனால் ‘கான் கேர்ள்’ 2014-இல் படமானபோது அதன் திரைக்கதையை நாவலாசிரியரே எழுதினார். அவள் பிடிபடவில்லை, சாகவில்லை, திருந்தவில்லை. ஆறு கோடி டாலர் அளவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகம் முழுவதும் 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வசூல் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. அப்படியிருக்க, வசூலைக் காட்டி ஒரு பக்க முடிவை மட்டும் கேட்பது நியாயமில்லை.

முன்காட்சிப் படிவத்தையும் கொஞ்சம் பாருங்கள். ‘நாயகியை உங்களுக்குப் பிடித்ததா?’ என்று கேட்டால் பிடிக்கவில்லை என்றுதான் எழுதுவார்கள். பிடிக்காத ஒருத்தியை விட்டுக் கண்ணெடுக்க முடியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. கிரே என்ற பெயரில் வெறும் மூட்டத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற திரைக்கதைகள் உண்டு. அவள் செய்தாளா இல்லையா என்பது எழுதியவருக்கே தெரியாது. தெரியாததை ஆழம் என்று சொல்லிக்கொள்வது. அவற்றை நீங்கள் திருப்பி அனுப்புவது சரி. எங்கள் அளவுகோல் இது: நடந்தது என்ன என்பது எழுதுகிறவருக்கு மணி, நிமிடம் வரை தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி என்ன நினைப்பது என்பதைத்தான் பார்ப்பவரிடம் விட வேண்டும். நடந்ததையே திறந்து விடுகிற கதை அபூர்வம். டு மோரியேயின் ‘மை கசின் ரேச்சல்’ (1951) மாதிரி ஒன்று அதைத் தாங்குகிறதென்றால், கதை சொல்பவனே, ரேச்சல் விஷம் வைத்துக் கொல்பவளோ என்ற சந்தேகத்தால் வெந்து கொண்டிருப்பவன் என்பதாலும், கடைசியில் அவளுடைய சாவுக்கு வழிவிட்டவன் அவனே என்பதாலும்தான். அங்கே திறந்து கிடப்பது அவளுடைய குற்றம். அவனுடையது மூடித் தாழிட்ட மாதிரி உறுதி. அந்த அளவு கணக்கு இல்லாதவர்கள் அந்த வழியில் போகக் கூடாது.

இன்னொரு தவறும் எங்களுடையது: முதல் இருபது நிமிடத்திலேயே பெரிய குற்றத்தைச் செய்யவைத்துவிடுவது. பார்ப்பவர் அவளோடு சேர்ந்து சின்னத் தப்பு ஒன்றை விரும்பியிருக்க வேண்டும். பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பது, கேட்கக் கூடாத பேச்சைக் கதவோரம் நின்று கேட்பது, ஒரு சின்னப் பொய்யால் தப்பிப்பது. ‘செய்துவிடேன்’ என்று அவர் மனதுக்குள் சொல்லியிருந்தால்தான் பின்னால் அவள் பெரிய தப்பு செய்யும்போது அவருக்கும் அதில் பங்கு இருக்கும். இது இல்லாத டிராஃப்டுகளில் ‘அவளோடு ஒட்ட முடியவில்லை’ என்று நீங்கள் எழுதும்போது நோயைச் சரியாகத்தான் கண்டிருக்கிறீர்கள். மருந்து மட்டும் தவறு. ஃப்ளாஷ்பேக்கை வெட்டிவிட்டு மூன்று சின்னத் தப்புகளைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

குறிப்பை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், சீன் எண்ணோடு. ‘அவள் அழுத்தமாக இல்லை’ என்று எழுதாதீர்கள்; எந்தச் சீனில், எந்த வரியில் உங்கள் கவனம் விட்டுப்போனது என்று எழுதுங்கள். அந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது என்பதை எங்களிடம் விடுங்கள். பதிலுக்கு ஒவ்வொரு டிராஃப்டோடும் மேலே சொன்ன ஐந்து கேள்விப் பட்டியலை இணைத்துத் தருவோம். மாற்றம் கேட்கும் முன் அந்தப் பட்டியலில் எந்த வரி குலைகிறது என்று பாருங்கள்.

பாலியல் வன்முறையைப் பின்கதையாகச் சேர்க்கச் சொல்லும் குறிப்பை உங்கள் நடைமுறையிலிருந்து முற்றாக நீக்குங்கள். எழுத்தாளரே முதல் டிராஃப்டில் கொண்டுவந்தால் மட்டும் அது விவாதத்துக்கு வரட்டும்.

நோயின் பெயர் ஒன்று வசனத்தில் வருகிறதென்றால், படப்பிடிப்புக்கு முன் பணியில் இருக்கும் மனநல மருத்துவர் ஒருவர் முழுத் திரைக்கதையையும் படிக்க வேண்டும். அவருக்கான ஊதியம் தயாரிப்புச் செலவில் வர வேண்டும். அவர் தவறு என்று சொன்னது திருத்தப்படாமல் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது.

முடிவை மாற்றச் சொல்வதென்றால், அதற்கு முந்தைய முப்பது பக்கத்தையும் மாற்றி எழுத நேரமும் ஊதியமும் கொடுங்கள். கடைசி ஐந்து பக்கத்தை மட்டும் வெட்டி ஒட்டச் சொல்லாதீர்கள். முன்காட்சிப் படிவத்தில் ‘நாயகியைப் பிடித்ததா’ என்ற கேள்விக்குப் பதிலாக இரண்டைக் கேளுங்கள்: எந்த இடத்தில் அவள் நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தீர்கள்? அதற்குப் பிறகும் அவள் பிடிபடக் கூடாது என்று நினைத்த இடம் எது?

ட்ரெய்லரிலும் சுவரொட்டியிலும் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஒரு ஷாட் கூட எடுக்க வேண்டாம். ரத்தக் கறையோடு சிரிக்கிற முகத்தை முகப்புப் படமாக வைத்தால், அவள் சந்தேகத்துக்கு இடமானவளா என்ற கேள்வி படம் தொடங்கும் முன்னரே முடிந்துவிடுகிறது.

இவற்றுக்கு ஒப்புதலோ மறுப்போ, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, காரணத்தோடு, முப்பது நாளுக்குள் எழுத்தில் தர வேண்டுகிறோம். அதுவரை இப்போது உங்கள் மேசையில் இருக்கும் திரைக்கதைகளின் முடிவுகளில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
திரைக்கதை எழுதுவோர், செப்பனிடுவோர்